கண்ணுக்குள் வைத்த லென்ஸும் வாயால் சொன்ன பதிலும்

கம்பைநல்லூர் சுற்றுவட்டாரத்தில் புளி வியாபாரம் செய்கிறவர்களில் என் கண்ணைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரித்து எட்டிப் பார்த்தாலே போதும், இது இந்த வருஷத்துப் புளியா, போன வருஷத்துப் பழசைக் கலந்து கொண்டுவந்ததா என்று சொல்லிவிடுவேன். என்னிடம் பழசைத் தள்ளிவிட்டுப் போனவன் ஒருத்தனும் இல்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தவன் நான். இன்றைக்குச் சொந்த மண்டி, சொந்தக் குடோன், லோடு வண்டிகள், ஒரு கார். எல்லாம் இந்தக் கண்ணும் இந்த வாயும் சம்பாதித்துக் கொடுத்தவை.

அந்தக் கண்ணில் புரை விழுந்தது எனக்கு முதலில் தெரியவில்லை. என் மனைவிக்குத்தான் தெரிந்தது. நல்ல சிவப்புப் புளி என்று நான் வாங்கி வந்த ஒரு லோடைக் களத்தில் கொட்டியபோது அவள் ஒரு கொத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னாங்க இது? கரேல்னு கெடக்குது. இதப் போயி புதுசுன்னு வாங்கியாந்திருக்கீங்க?"

"வெயில்ல நின்னுக்கிட்டுப் பாக்காத. நெழல்ல வந்து பாரு."

"நான் நெழல்லதான் நிக்கறன். வெயில்ல நிக்கறது நீங்க."

அடுத்த வாரம் தர்மபுரியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், அப்புறம் இடது கண் என்றார் டாக்டர். புரையை எடுத்துவிட்டு உள்ளே ஒரு லென்ஸ் வைக்க வேண்டும், எந்த லென்ஸ் என்பதைக் கவுன்சிலிங் அறையில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

அந்த அறையில் ஒரு பெண் இருந்தது. என் பேத்தி வயசுதான் இருக்கும். மேஜையில் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய கண் ஒன்று, பக்கத்தில் படம் போட்ட அட்டை. அதைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கியது. முதல் வகை லென்ஸ் வைத்தால் தூரம் பளிச்சென்று தெரியும்; படிக்கவும் ஊசி கோர்க்கவும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகையில் தூரத்தோடு கை நீட்டுகிற தூரமும் தெரியும், அதாவது வண்டி மீட்டர், தட்டில் இருக்கிற சோறு, பேசுகிறவர் முகம். பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கும். மூன்றாவது மல்டிஃபோகல். அது கண்ணுக்குள் வருகிற வெளிச்சத்தைப் பங்கு போட்டு, தூரத்துக்கும் நடுவுக்கும் கிட்டத்துக்கும் கொடுக்கும். பெரும்பாலும் கண்ணாடியே தேவைப்படாது. ஆனால் பங்கு போடுவதால் மங்கலான வெளிச்சத்தில் தெளிவு கொஞ்சம் குறையும். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். நிறையப் பேருக்குச் சில மாதங்களில் பழகிவிடும், சிலருக்குப் பழகாது.

"மூணுமே நல்ல லென்ஸ்தாங்க ஐயா. இதுல ஒசத்தி, மட்டம்னு கெடையாது. நீங்க செய்யற வேலைக்கு எது ஒத்து வருதோ அதுதான் நல்லது" என்றது அந்தப் பெண்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷ வியாபாரி நான். கொட்டைப் புளிக்கு ஒரு ரேட்டு, கொட்டை எடுத்ததற்கு ஒரு ரேட்டு, நார் கூட இல்லாத பூப்புளிக்கு ஒரு ரேட்டு. மூன்றும் நல்ல புளிதான் என்று எவனாவது சொன்னால் அவன் மட்டமான புளியை விற்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு வேண்டியது பூப்புளி. அதை மனசில் முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பெண் ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. இந்த இடத்தில் நான் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். மண்டி வைக்கப் பேங்கில் கடன் கேட்டுப் போனபோது மேனேஜர் இப்படித்தான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் உள்ளதை உள்ளபடி சொன்னான், வெறுங்கையோடு போனான். நான் இரவல் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். கேட்டதற்கெல்லாம் பெரிதாகவே சொன்னேன். எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருத்தர் கேள்வி கேட்டால், நல்ல பொருளை இவனுக்குக் கொடுக்கலாமா என்று எடை போடுகிறார். குறைத்துச் சொல்லக் கூடாது.

"பேப்பர் படிப்பீங்களா ஐயா?"

"பேப்பர் படிக்காம காலையில காப்பி குடிக்க மாட்டம்மா."

"முழுசா படிப்பீங்களா, தலைப்பு மட்டுமா?"

"மொதப் பக்கத்துல ஆரம்பிச்சா கடைசிப் பக்கம் வரைக்கும்."

என் மனைவி வாயைத் திறக்க வந்தாள். முழங்கையால் இடித்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பேப்பரில் படம் பார்ப்பேன், பெரிய எழுத்தைப் படிப்பேன், மற்றதை மண்டியில் யாராவது சத்தமாகப் படித்தால் கேட்டுக்கொள்வேன். இது அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரியில வண்டி ஓட்டுவீங்களா?"

"டிரைவருங்கள வெச்சிருக்கமில்ல!"

டிரைவர்கள் லோடு வண்டிக்கு. காரை என் மகன் கூடத் தொட முடியாது. ராத்திரி, பகல், மழை எதுவானாலும் நான்தான் ஓட்டுவேன்.

"மங்கலான வெளிச்சத்துல ஏதாவது வேலை?"

"நம்ம குடோன்ல பகல் மாதிரி லைட்டு."

குடோனில் இருப்பது ஒரே பல்பு, அதிலும் தூசி.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அப்படியானால் மல்டிஃபோகல் உங்களுக்கு ஒத்து வரும் என்றது. நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். பேங்கில் கடன் கிடைத்துக் கையெழுத்துப் போட்ட அன்று பார்த்த அதே ஜெயித்த பார்வைதான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டைப் பிரித்த மறுநாள், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. மண்டிக்குப் போனதும் டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, பின்னால் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல்! ஒசத்தியான லென்ஸ், மூன்று தூரத்துக்கும் ஒரே லென்ஸ், எல்லோருக்கும் வைக்க மாட்டார்கள், ஆளைப் பார்த்துத்தான் வைப்பார்கள் என்று சொன்னேன். அன்றைக்கு மட்டும் இல்லை, வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னேன்.

இதை எல்லோரையும் விடக் கவனமாகக் கேட்டவர் பாய். என் மண்டிக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவர். போர் மோட்டார் எரிந்து போனால் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுசாகக் கட்டித் தருவார். என்னைவிடச் சின்னவர், எனக்கு அண்ணே அண்ணே என்று மரியாதை. அவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை. பெங்களூரில் இருக்கிற மகன், எந்த லென்ஸ் என்றாலும் வைத்துக்கொள்ளுங்கள் அத்தா என்று வருஷக்கணக்காகச் சொல்லியும் அவர் பயந்துகொண்டு தள்ளிப் போட்டிருந்தார்.

"கண்ணுல கத்தி வெக்கறாங்களேன்னுதாண்ணே பயம். இப்ப நீங்க வெச்சு நல்லா இருக்குதில்ல, நானும் வெச்சுக்கறன். உங்களுக்கு வெச்சதே எனக்கும் வெக்கச் சொல்லுங்க."

"சும்மா கேட்டா தர மாட்டாங்க பாய். கேள்வி கேப்பாங்க. பரீட்சை மாதிரி. நான் சொல்லித் தர்றன், அதே மாதிரி சொல்லணும்."

அவர் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பேப்பர் தினமும் படிப்பேன் என்று சொல்லுங்கள். ராத்திரியில் வெளியே போவதில்லை என்று சொல்லுங்கள். வேலை எல்லாம் நல்ல வெளிச்சத்தில்தான் என்று சொல்லுங்கள். பாய் கையில் இருந்த கம்பியை வைத்துவிட்டு, உதட்டை அசைத்துத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அதற்குச் சில நாள் கழித்து என் மகள் குழந்தையோடு ரயிலில் வந்தாள். அவளைக் கூட்டிவரப் பொம்மிடிக்குக் காரை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் கிளம்பினோம். போகும்போது வெளிச்சம் இருந்தது. ரயில் தாமதமாக வந்து, திரும்பும்போது இருட்டிவிட்டது. எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் விளக்கைச் சுற்றி வண்டிச் சக்கரம் மாதிரி பெரிய வளையம், அதற்குள் இன்னொரு வளையம். ஒரு பஸ்ஸுக்கு நாலு பஸ் வருகிற மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றுக்கும் வளையம். ரோட்டின் ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. வண்டியை மெதுவாக உருட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

"அப்பா, ஏன் இப்படி உருட்டிக்கிட்டே போற?" என்றாள் மகள்.

"கொழந்த தூங்குதில்ல, அதான்."

 வீட்டுக்கு வந்து மகள் உள்ளே போன பிறகு மனைவி கேட்டாள்.

"கண்ணு கூசுதா?"

"பழகிடும். அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சே."

"ராத்திரி ஓட்டறன்னு சொல்லியிருந்தா வேற லென்ஸு வெச்சிருப்பாங்க. அது போவுட்டும். பாய்கிட்ட சொல்லிடுங்க. அந்த மனுசன் மொபட்ல ராத்திரியில தோட்டம் தோட்டமா போறவரு."

"சொல்றன்."

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், எனக்கே பழகிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம். உண்மை என்னவென்றால், டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டிய கையை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாய்க்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். எனக்கும் அன்றைக்கே கண்ணை மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். திரும்புவதற்குள் இருட்டிவிடும் என்று பயந்து காரை எடுக்கவில்லை. பாயிடம் ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். பஸ்ஸிலேயே சொல்லிவிட இருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார். நான் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்கிறார் என்று தெரிந்தது. வாய் வரவில்லை.

அதே அறை, அதே பெண். மூன்று லென்ஸையும் அவருக்கும் விளக்கியது. பிறகு தாளை எடுத்தது.

"பேப்பர் படிப்பீங்களா பாய்?"

"தெனம் படிப்பன்மா. மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்."

"ராத்திரியில வண்டி ஓட்டுவீங்களா?"

"ராத்திரியில எங்கயும் போறதில்லீங்க. வூட்டுலயேதான் இருப்பன்."

"வேலை எப்படி, வெளிச்சம் இருக்குமா?"

"பகல் மாதிரி லைட்டுங்க."

என்னுடைய வார்த்தை ஒவ்வொன்றும் அவர் வாயில் அப்படியே வந்தது. நான் சொன்னபோது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. அவர் சொன்னபோது காது சுட்டது. சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அந்த லென்ஸ் அவர் கண்ணுக்குள் போய்விடும். வைத்ததைச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழற்ற முடியாது. அது தெரிந்தும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நேரம்தான்.

"உங்களுக்கும் மல்டிஃபோகல் ஒத்து வரும் பாய். இதோ ஐயாவுக்கு அதான் வெச்சிருக்குது. அவரு எப்படிப் படிக்கறாருன்னு நீங்களே பாருங்க" என்று சொல்லி, அந்தப் பெண் ஒரு அட்டையை என் கையில் கொடுத்தது. "கண்ணாடி இல்லாம படிங்க ஐயா."

தமிழில் ஒரு பத்தி. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. படிக்கத் தெரியாதவர்களுக்கு எண் போட்ட அட்டை வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தினம் பேப்பர் படிக்கிறவருக்கு அதை யார் கொடுப்பார்கள்?

"ம... ழைக்... மழைக்கா... லத்... தில்..."

"மெதுவா படிங்க."

"ஏ... ரி... ஏரிக... ளெல்..."

அறை வாசலில் ஆபரேஷன் முடிந்து கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"மங்கலா தெரியுதாங்களா ஐயா? எழுத்து கலங்குதா? கிட்டப் பார்வை வரலையே. இருங்க, டாக்டர்கிட்ட சொல்றன்."

பாய் எழுந்துவிட்டார்.

"அண்ணே, தெரியலியா? நல்லாத் தெரியுதுன்னீங்களே! அம்மா, எனக்கு ஆபரேசனே வேணாம்மா. இருக்கற கண்ணு இருக்கற மாதிரியே இருக்கட்டும். நான் கெளம்பறன்."

ஆமாம், லென்ஸ் சரியில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மானம் தப்பிவிடும். பாயும் அந்த லென்ஸை வைத்துக்கொள்ள மாட்டார். அப்படிச் சொல்ல வாயைத் திறந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தார். நிலைப்படியில் இடித்துக்கொண்டார். புரை அந்த அளவுக்கு முற்றியிருந்தது. இப்போது போனால் இவர் இனிமேல் இந்தப் படியை மிதிக்க மாட்டார்.

"பாய், நில்லுங்க. லென்ஸு நல்லாத்தான் இருக்குது. எழுத்தெல்லாம் பளிச்சினு தெரியுதும்மா. எனக்குத்தான் படிக்க வராது."

 பச்சைத் துணி கட்டிய ஒரு அம்மாள், "அதுக்கென்னா சாமி, எனக்கு அந்த மொத எழுத்தே வராது" என்றாள்.

"தெனமும் பேப்பர் படிப்பேன்னு எழுதியிருக்குதே?" என்றது அந்தப் பெண்.

"எழுதுனது நீம்மா. சொன்னது நான்."

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. கார் ஓட்டுவது, பொம்மிடி ரோடு, வளையம், குடோன் பல்பு, பாய்க்கு நான் சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. மண்டியில் மூட்டை விலை கூவுகிற குரல் அது இல்லை.

அந்தப் பெண் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளை எடுத்தது.

"பாய், உக்காருங்க. மொதல்ல இருந்து கேக்கறன். ராத்திரியில வண்டி ஓட்டுவீங்களா?"

பாய் பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஓட்டுவங்க. த்ரீ ஃபேஸ் கரண்டு ராத்திரியிலதான வுடறாங்க. மோட்டார் ஓடலன்னு தோட்டத்துல இருந்து போன் வரும். மொபட்ல போவன். டார்ச் லைட்டு வெளிச்சத்துலதான் கழட்டறது."

"காயில் கட்டறப்ப கண்ணாடி போட்டுக்கறதுல உங்களுக்குச் சிரமம் இருக்குதா?"

"அது பத்து வருசமா போட்டுக்கிட்டுதானுங்களே இருக்கறன். அதுல என்னா?"

"அப்ப உங்களுக்கு முதல் வகைதான் பாய் சரி" என்றது. டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

 பஸ்ஸில் ஊர் நெருங்கும்போது, பாய் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"பரீட்சைன்னு சொன்னீங்களேண்ணே. ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணன். தப்பா சொல்லிட்டா உங்க பேரு கெட்டுடுமேன்னு பயந்துக்கிட்டே போனன்."

 வழக்கமாக இறங்கியதும் டீ குடிப்போம். அன்றைக்கு அவர் நேராகக் கடைக்குப் போய்விட்டார்.

அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதும் ராத்திரியில் மொபட்டில் தோட்டங்களுக்குப் போகிறார். கம்பி சுற்றும்போது கண்ணாடி. என் வளையங்கள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, போகவில்லை. இதே லென்ஸ் வைத்துக்கொண்டு, ராத்திரியில் வெளியே போகாமல், நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிற ஒரு வாத்தியாரையும் எனக்குத் தெரியும். குறை லென்ஸில் இல்லை.

மண்டிப் பக்கம் யாராவது கண் ஆபரேஷனுக்குக் கிளம்பினால் இப்போது என்னிடம் கேட்பதில்லை, பாயிடம் கேட்கிறார்கள். அவர் சொல்வது என் மண்டிக்குள் வரை கேட்கும்.

"எந்த லென்ஸா இருந்தாலும் சரி, போறப்ப வூட்டம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க. கேள்வி கேப்பாங்க. நீங்க வாயத் தெறக்காதீங்க, அவங்க சொல்லட்டும்."

சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் புளி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் என் இடது கண்ணுக்குப் போனோம். அந்தப் பெண் தாளை எடுத்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஐயா ராத்திரியில வண்டி ஓட்டுவாருங்களாம்மா?"

"ஓட்டுவாரு. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்றாள் என் மனைவி.

"குடோன்ல வெளிச்சம்?"

"ஒரு பல்பு. அதத் தொடைக்கச் சொல்லி நானும் நாலு வருசமா சொல்றன்."

"பேப்பர் படிப்பாருங்களா?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடிக்க என் முழங்கை எழவில்லை.

"படம் பாப்பாரும்மா. பெரிய எழுத்தா இருந்தா படிப்பாரு."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டது.